284 கட்டுரைகளும் அப்பாவின் கல்லீரலும்

நாமக்கல் மாவட்டத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 34, பள்ளி ஆசிரியை. லாரிக்கு பாடி கட்டும் பட்டறை நடத்திவந்த அவருடைய தந்தைக்கு வயது 61. கால் வீக்கம், வயிற்று உப்புசம் என்று உள்ளூர்க் கல்லீரல் மருத்துவரிடம் போனபோது, ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பல ஆண்டுகளாக உடலில் தங்கிக் கல்லீரலைச் சுருங்கச் செய்திருப்பதும், சுருங்கிய கல்லீரலில் 4.2 சென்டிமீட்டர் அளவில் ஒரு புற்றுக்கட்டி இருப்பதும் ஒரே வாரத்தில் தெரியவந்தன. மருத்துவர் வைரஸுக்கு என்டெகாவிர் மாத்திரையைத் தொடங்கிவிட்டு, கல்லீரல் மாற்று சிகிச்சை செய்யும் மையத்தில் உடனே காட்டும்படி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பிக்கு இதில் உடன்பாடில்லை. "ஆறே கட்டுரை எழுதியவர் நம்மைக் கைகழுவப் பார்க்கிறார்" என்கிறார் அவர். புற்றுநோயிலும் கல்லீரல் நோயிலும் 284 ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டதாகச் சொல்லப்படும், பெருநகரமொன்றிலுள்ள மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவரின் பட்டியலை அனுப்பி, உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி கொடுத்தால் 19 மாத ஆயுள் உறுதி என்று ஒரு கட்டுரையையும் காட்டுகிறார். அந்த ஆராய்ச்சியாளரின் அலுவலகத்தில் விசாரித்தபோது, ஒரு புது மாத்திரை ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாம், முன்பணம் கட்ட வேண்டும் என்றார்களாம். இதற்கிடையில், "லான்செட் மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தந்தை என்டெகாவிரை இருபதே நாளில் நிறுத்திவிட்டுக் கீழாநெல்லிச் சாறு குடித்துவருகிறார். ஸ்கேன் எடுத்து ஆறு வாரம் ஆகிவிட்டது. "அவர் உண்மையிலேயே பெரிய நிபுணர்தானா என்று பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள். அப்பாவுக்கு என் கல்லீரலில் ஒரு பகுதியைத் தரவும் நான் தயார், வீட்டில்தான் பயப்படுகிறார்கள்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் இணைத்த பட்டியலை இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் பட்டியலுக்கு முன்னால் ஒரு மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நிறுத்திய மாத்திரை

ஹெபடைட்டிஸ் பி வைரஸை அடக்கிவைக்கும் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், அடங்கியிருந்த வைரஸ் மறுபடியும் பெருகிக் கல்லீரலில் கடும் அழற்சியை உண்டாக்கக்கூடும். கல்லீரல் நன்றாக இருக்கும் ஒருவர் அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே சுருங்கி, வயிற்றில் நீர் கோர்த்திருக்கும் உங்கள் தந்தையாருக்கு அதுவே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். ஆகவே இதைப் படித்த அன்றே உள்ளூர் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, மாத்திரை நின்றுபோன விவரத்தை மறைக்காமல் சொல்லி, அவர் கூறும் அளவில் மீண்டும் தொடங்கச் செய்யுங்கள். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து நிற்கும் நோயாளிகளைப் பார்க்காத கல்லீரல் மருத்துவர் எவரும் இல்லை.

நீங்களும் தம்பியும் அம்மாவும் ஹெபடைட்டிஸ் பி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டதாகக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் என்பதால் மூவருமே செய்துகொள்ள வேண்டும். இந்தத் தடுப்பூசி நாடு முழுவதும் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்கத் தொடங்கியது 2011-ஐ ஒட்டித்தான். உங்கள் வயதினரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். தொற்றும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்று தெரிந்தால் மூன்று ஊசிகள் போதும். முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. கல்லீரல் தானம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா, அதற்கான முதல் படியும் இந்தப் பரிசோதனைதான்.

பட்டியலில் இருப்பதும் இல்லாததும்

இனி அந்த 284. முதலில் பெயர்க் குழப்பத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இது நம்மவர்களுக்கென்றே வாய்த்த குழப்பம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஓர் எழுத்தை முன்னால் போட்டு ஒரு பெயரை எழுதுகிறோம். ஆய்விதழ்களோ கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, மற்றதை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிடும். இப்படி "எஸ். குமார்" என்ற ஒரே தலைப்பின் கீழ் நூறு குமார்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் போன்ற தளங்களில் பட்டியல் பெரும்பாலும் தானாகவே திரளும். சம்பந்தப்பட்டவர் அவ்வப்போது களையெடுத்தால்தான் உண்டு. உங்கள் பட்டியலில் 117-ஆம் எண்ணைப் பாருங்கள்: நிலக்கடலையில் இலைப்புள்ளி நோய். அது கல்லீரல் ஆராய்ச்சியாளருடையதாக இருக்க வாய்ப்பில்லை. அதேபோல ஒன்பது கட்டுரைகளை என்னால் அடையாளம் காண முடிந்தது. இதில் அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன்; பட்டியலை யாரும் சரிபார்க்கவில்லை என்று மட்டும் சொல்லலாம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுக்கும் ஆர்கிட் என்ற ஏற்பாடு 2012-இல் வந்தது. அந்த எண்ணின் வழியாகத் தேடினால் ஓரளவு சுத்தமான பட்டியல் கிடைக்கும்.

அடுத்தது, கட்டுரை என்று எண்ணப்படுபவை எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. 203 முதல் 206 வரையுள்ள நான்கும் வெவ்வேறு மாநாடுகளில் வாசிக்கப்பட்ட சுருக்கங்கள். நான்கிலும் அதே நோயாளிகள், அதே முடிவு, தலைப்பு மட்டும் சற்றே மாறியிருக்கிறது. இன்னும் பல, ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய இரண்டு பக்கக் குறிப்புகள். வேறு சில, மற்றவர் கட்டுரைக்கு எழுதிய மறுமொழிக் கடிதங்கள். மருத்துவக் கல்லூரிகளில் பதவி உயர்வுக்குக் கட்டுரை கேட்கிறார்கள் என்பதால் எங்கள் துறையில் எல்லோரும் எழுதுகிறோம். எனக்கும் பன்னிரண்டு உண்டு. அவற்றில் நான்கை அந்த ஆண்டு நேர்காணல் இல்லாதிருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

பெயர்கள் நிற்கும் வரிசைக்கும் பொருள் உண்டு. மருத்துவக் கட்டுரைகளில் பொதுவாக முதலில் நிற்பவர் வேலையைச் செய்தவர். கடைசியில் நிற்பவர் அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர். நடுவில் நிற்பவர்களின் பங்கு பலவிதம். என் பெயர் நான்காவதாக நிற்கும் கட்டுரை ஒன்று உண்டு. பழைய பதிவேடுகளிலிருந்து நோயாளிகளின் விவரங்களை எடுத்துக் கொடுத்ததுதான் அதில் என் வேலை. அதற்காக நடுப்பெயரை மதிப்பற்றது என்றும் தள்ளிவிட முடியாது. பல நாடுகளில் நடக்கும் பெரிய மருந்து ஆய்வொன்றில் பதினான்காவதாக ஒருவர் பெயர் இருந்தால், அவருடைய மையத்தில் அந்த நோயாளிகளை முறையாகப் பார்த்துக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று பொருள். நோயாளியின் மகளுக்கு அது நல்ல செய்திதான். உங்கள் பட்டியலில் அப்படி ஒன்றையும் நான் காணவில்லை.

அவர் முதலாவதாகவோ கடைசியாகவோ நிற்கும் கட்டுரைகளை மட்டும் தனியே எடுத்து, அவற்றில் கல்லீரல் புற்றைப் பற்றியவற்றைப் பிரித்தால் பதினொன்று மிஞ்சுகின்றன. அந்தப் பதினொன்றில் எட்டு, ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்று செல்களைப் பற்றியவை. ஒன்று எலிகளில் செய்தது. மனிதர்களைப் பற்றிய மீதி இரண்டும், கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களின் ரத்தத்தில் சில புரதங்களை அளந்தவை. அவர் தம் துறையில் உழைப்பவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. செல்களைப் பற்றிய அந்தக் கட்டுரைகளில் இரண்டு மிக நன்றாக இருக்கின்றன. ஆனால் ஹெபடைட்டிஸ் பி-யால் சுருங்கிய கல்லீரலில் கட்டியோடு இருக்கும் ஒரு மனிதருக்கு எந்தச் சிகிச்சையை எப்போது தர வேண்டும் என்ற கேள்வியை அவர் ஒரு கட்டுரையிலும் கேட்கவில்லை. உங்களுக்கு வேண்டியதோ அந்தக் கேள்விக்கான பதில்.

பட்டியலின் தலைப்பில் தம்பி சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கும் எச்-இண்டெக்ஸ் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் வகுத்த கணக்கு. ஒருவரின் எத்தனை கட்டுரைகளை மற்றவர்கள் ஒவ்வொன்றையும் குறைந்தது அத்தனை முறையாவது மேற்கோள் காட்டினார்கள் என்பதைச் சொல்லும். அவர் கத்தி பிடிப்பாரா, இரவில் தொலைபேசியை எடுப்பாரா என்பதைச் சொல்லாது.

கட்டுரைகளின் எண்ணிக்கைக்கும் பயனுக்கும் உள்ள இடைவெளிக்கு எங்கள் துறையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கல்லீரல் புற்றுக்கு மாற்று அறுவை செய்யலாமா என்று உலகமே தயங்கிக்கொண்டிருந்த காலத்தில், இத்தாலியின் மிலான் நகரில் மஸ்ஸாஃபெரோ என்ற அறுவை மருத்துவரின் குழு 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அதில் இருந்தவர்கள் வெறும் 48 நோயாளிகள். ஒரே கட்டியென்றால் 5 சென்டிமீட்டருக்குள், இரண்டு மூன்று கட்டிகள் என்றால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள், ரத்தக் குழாயில் புற்று நுழைந்திருக்கக் கூடாது என்று வரையறுத்துத் தேர்ந்தெடுத்துச் செய்ததில், நான்கு ஆண்டு முடிவில் உயிரோடு இருப்போர் விகிதம் 75 சதவீதமாக இருந்தது. அந்த ஒரு கட்டுரையின் அளவுகோலைத்தான் மிலான் வரையறை என்று இன்றும் நாங்கள் ஸ்கேன் பார்க்கும்போது கையாளுகிறோம். உங்கள் தந்தையாருக்கு ஒரே கட்டி, 4.2 சென்டிமீட்டர், கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அடைப்பு இல்லை என்று அறிக்கை சொல்கிறது. வேறெங்கும் பரவவில்லை என்பது உறுதியானால் அவர் அந்த வரையறைக்குள் வருகிறார். ஆறு கட்டுரைக்காரர் உங்களை மாற்று சிகிச்சை மையத்துக்குப் போகச் சொன்னது கைகழுவுவதற்காக அல்ல. நானும் அதையேதான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

19 மாதம் யாருக்கு?

தம்பி காட்டிய கட்டுரை உண்மையானது, முக்கியமானதும்கூட. அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு ஊசி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த அந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. 501 நோயாளிகள் அதில் இருந்தார்கள். பின்னர் வெளியான தொடர் முடிவில், பழைய மருந்தான சொராஃபெனிப் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 13.4 மாதம், புதிய ஊசிகளைப் பெற்றவர்களுடையது 19.2 மாதம். இடைநிலை என்றால், பாதிப் பேர் அதற்கு முன்பே காலமானார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டி இருந்தார்கள் என்று பொருள்; எவருக்கும் தரப்பட்ட உறுதி அன்று. அதைவிட முக்கியமானது, யாரை அந்த ஆய்வில் சேர்த்தார்கள் என்பது. கட்டியை அறுத்தோ சுட்டோ நீக்க முடியாத நிலையில் இருந்தவர்கள், ஆனால் கல்லீரலின் வேலைத்திறன் இன்னும் நன்றாக இருந்தவர்கள், அதாவது கல்லீரலின் திறனைப் புள்ளியிட்டு அளக்கும் சைல்ட்-பியூ கணக்கில் 'ஏ' வகுப்பினர் மட்டுமே.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ரத்த அறிக்கையை எடுத்து, இந்த வகுப்பை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். பிலிருபின் (காமாலை நிறமி) 2.6: 2 புள்ளி. அல்புமின் (கல்லீரல் உண்டாக்கும் புரதம்) 3.1: 2 புள்ளி. ஐ.என்.ஆர். (ரத்தம் உறைவதன் அளவு) 1.4: 1 புள்ளி. வயிற்றில் சிறிதளவு நீர்: 2 புள்ளி. நினைவுத் தடுமாற்றம் இல்லை: 1 புள்ளி. கூட்டினால் 8. ஐந்தும் ஆறும் 'ஏ', ஏழு முதல் ஒன்பது வரை 'பி', அதற்கு மேல் 'சி'. உங்கள் தந்தையார் 'பி' வகுப்பில் இருக்கிறார். அந்த 501 பேரில் அவரைப் போன்ற ஒருவரைச் சேர்த்திருக்கவே மாட்டார்கள். பெவாசிசுமாப் ரத்தக் கசிவை உண்டாக்கக்கூடிய மருந்து என்பதால், உணவுக்குழாயில் புடைத்த ரத்தக் குழாய்கள் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தாக வேண்டும். அவருடைய பிளேட்லெட் 82,000. கல்லீரல் சுருக்கத்தால் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்றே இந்த எண் சொல்கிறது. நீங்கள் அனுப்பிய தாள்களில் எண்டோஸ்கோப்பி அறிக்கையைக் காணோம்.

எந்த ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும், "யாரைச் சேர்த்தோம், யாரைச் சேர்க்கவில்லை" என்ற பகுதியை முதலில் படியுங்கள் என்று தம்பியிடம் சொல்லுங்கள். முடிவுரையை எல்லோரும் படிக்கிறார்கள், அது எளிது. முடிவுகளும் நாளடைவில் மாறும். இதே இரண்டு ஊசிகளை, கட்டியை அறுவை செய்தோ சுட்டோ நீக்கிய பிறகு அது மறுபடி வராமலிருக்கக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் பலன் உண்டு என்ற முடிவோடு வெளிவந்தது. கூடுதல் காலம் பின்தொடர்ந்து பார்த்தபோது அந்தப் பலன் நிலைக்கவில்லை. முதல் கட்டுரையை மட்டும் அச்சடித்து எடுத்துக்கொண்டு வருபவர்கள் இன்றும் என் அறைக்கு வருகிறார்கள்.

ஒருவரின் பட்டியலில், தவறு தெரிந்து இதழிலிருந்து திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் உண்டா என்று பார்ப்பதும் நல்லது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் தலைப்பைத் தேடினால் அந்த அறிவிப்பு மேலேயே தெரியும். அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் அனில் பொட்டி என்ற ஆராய்ச்சியாளர், கட்டியின் மரபணுக்களைப் பார்த்தே எந்தப் புற்றுமருந்து வேலை செய்யும் என்று சொல்லிவிடலாம் என 2006 முதல் பெரிய இதழ்களில் எழுதினார். அதை நம்பி நோயாளிகளிடம் சிகிச்சை ஆய்வுகளும் தொடங்கின. பாக்கர்லி, கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து அது ஒத்துவரவில்லை என்று காட்டினார்கள். ஆய்வுகள் நின்றன, கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, ஆய்வு முறைகேடு நடந்தது என்று அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் 2015-இல் முடிவுசெய்தது. நீங்கள் அனுப்பிய பட்டியலில் அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கீழாநெல்லியும் லான்செட்டும்

அப்பாவிடம் "அதெல்லாம் பொய்" என்று வாதாடாதீர்கள்; அவர் கேள்விப்பட்டது பொய்யில்லை. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினரின் கீழாநெல்லிக் கட்டுரை லான்செட்டில் வந்தது. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற ப்ளம்பர்க்கும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். முப்பது நாள் மருந்து கொடுத்துப் பரிசோதித்தபோது, கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. பெருமைப்படத்தக்க வேலை. ஆனால் இது முதற்கட்ட ஆய்வு, தொடர்ந்து ஆராயப்பட வேண்டும் என்று அந்தக் கட்டுரையே சொல்லியிருந்தது. தொடர்ந்து ஆராய்ந்தார்கள். தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வாலும் உறுதியான ஆதாரம் எதையும் காண முடியவில்லை. கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் நம் ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் வழங்குவதும் சிக்கலைக் கூட்டுகிறது.

நம் பாட்டிமார் காலத்திலிருந்து கீழாநெல்லிக்குக் கிடைத்த பெயருக்கு வேறொரு காரணமும் உண்டு. குடிநீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் புகழ் சேரும். உங்கள் தந்தையாருக்கு வந்திருப்பது அந்தக் காமாலை அல்ல. மேலும் 1988-இல் ஆராயப்பட்டவர்கள் வைரஸைச் சுமந்தவர்கள். அந்த ஆய்வு கட்டி கரைந்ததா என்று பார்க்கவில்லை. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் அவர் கேட்பார் என்று நினைக்கிறேன். சாற்றை விட மனமில்லை என்றால், மருத்துவரிடம் சொல்லி அவர் கருத்தைக் கேளுங்கள். ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அது ஒருபோதும் ஆகாது. யாராவது சீந்தில் கஷாயமும் நல்லது என்று சொன்னால் அதை உறுதியாக மறுத்துவிடுங்கள். சீந்தில் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவுசெய்திருக்கிறார்கள்.

முன்பணம் கேட்ட ஆய்வு

இங்கே உங்கள் உரிமைகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வு ஒவ்வொன்றும் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள். தளத்தில் அதைப் போட்டால் எந்த மருந்து, எத்தனையாவது கட்டம், எத்தகைய நோயாளிகள், எந்தெந்த மருத்துவமனைகள் என்று எல்லாம் தெரியும். எண்ணைத் தரத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆய்வு மருந்துக்கும் ஆய்வுக்கென்றே எடுக்கப்படும் பரிசோதனைகளுக்கும் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை. ஆய்வால் உடலுக்குப் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-இன் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள் சொல்கின்றன. ஒப்புதல் படிவத்தைத் தந்தையாருக்குப் புரியும் தமிழில் தர வேண்டும். ஒரு நகல் உங்களுக்கு. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நின்றுவிடக் கூடாது.

இத்தனையும் சரியாக இருந்தால் ஆய்வில் சேர்வது தவறில்லை. ஆய்வு என்றாலே எலியாக்கிவிடுவார்கள் என்று அம்மா பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். முறையாக நடக்கும் ஆய்வில் நோயாளியைச் சாதாரண வார்டில் பார்ப்பதைவிடக் கவனமாகவே பார்ப்பார்கள். ஆனால் முன்பணம் கேட்டதாக நீங்கள் எழுதியிருக்கும் வரி எனக்குச் சரியாகப் படவில்லை. எதற்கான பணம் என்று எழுத்தில் கேளுங்கள். கிடைக்கும் பதிலோ பதிலின்மையோ உங்களுக்கே விஷயத்தைச் சொல்லிவிடும்.

தானம் தருவது

1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி மகள் நெருங்கிய உறவினர். தானம் தரத் தடையில்லை. தருபவரின் கல்லீரல் சில வாரங்களிலேயே பெருமளவு வளர்ந்துவிடும் என்பது உண்மை. ஆபத்தே இல்லை என்பது உண்மையல்ல. வலப்பகுதியைத் தருபவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர் வரை உயிரிழக்க நேரலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சிறிய எண்தான், ஆனாலும் உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மாற்று சிகிச்சை மையத்தில் உங்களைத் தனியே உட்காரவைத்துப் பேசுவார்கள். அப்போது மனம் ஒப்பவில்லை என்று நீங்கள் சொன்னால், "மருத்துவக் காரணங்களால் பொருந்தவில்லை" என்று மட்டும் குடும்பத்தாரிடம் சொல்லும் வழக்கம் நல்ல மையங்களில் உண்டு. யாரும் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. உங்களால் முடியாவிட்டால் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் பதிந்து காத்திருக்கும் வழி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று சிகிச்சையும் உண்டு; தகுதி, நிபந்தனைகளை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் நேரில் கேளுங்கள்.

அடுத்த பத்து நாள்

ஆறு வாரத்துக்கு முன் 4.2 சென்டிமீட்டர் இருந்த கட்டி இன்று எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. மிலான் எல்லைக்கு அன்று மீதமிருந்தது 8 மில்லிமீட்டர். உயிரோடு இருப்பவரிடமிருந்து தானம் பெறும்போது அந்த எல்லையைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கும் மையங்கள் நம் நாட்டில் உண்டு என்றாலும், அதை நம்பி நாட்களைக் கழிப்பது சரியல்ல. எந்த மையத்துக்குப் போவது என்று தேர்ந்தெடுக்கக் கட்டுரைப் பட்டியலைப் பார்க்க வேண்டாம். தொலைபேசியில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: கல்லீரல் மருத்துவர், அறுவை மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், ஸ்கேன் படிக்கும் மருத்துவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் டியூமர் போர்டு உங்களிடம் வாரந்தோறும் கூடுகிறதா? கல்லீரல் புற்றுக்குச் சென்ற ஆண்டு எத்தனை மாற்று சிகிச்சைகள் செய்தீர்கள், அவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கடந்திருக்கிறார்கள்? உறுப்பு கிடைக்கும்வரை கட்டி வளராமல் தடுக்க, கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயில் மருந்து செலுத்தும் டேஸ் முறையோ சுட்டழிக்கும் முறையோ அப்பாவின் கல்லீரல் நிலையில் சாத்தியமா? மூன்றாவது கேள்விக்கு அவரைப் பார்க்காமலேயே "கட்டாயம் செய்யலாம்" என்று சொல்பவரைவிட, "அறிக்கைகளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்" என்பவரை நான் நம்புவேன். 8 புள்ளியில் இருக்கும் கல்லீரலுக்கு அந்தச் சிகிச்சைகளும் சுமைதான்.

தம்பிக்கும் ஒரு வேலை கொடுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு எதையாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு இருக்கும். 284 தலைப்புகளைச் சேகரித்ததும் அந்தத் தவிப்பில்தான். மையங்களை அழைத்து இந்த மூன்று கேள்விகளைக் கேட்பதையும், சி.டி.ஆர்.ஐ. எண்ணைச் சரிபார்ப்பதையும் அவர் அங்கிருந்தே செய்துவிடலாம்.

போகும்போது எல்லா ரத்த அறிக்கைகளையும் தேதி வரிசையில் அடுக்கி, மாத்திரை நின்ற நாளையும் மீண்டும் தொடங்கிய நாளையும் மேல்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேன் எடுத்த இடத்தில் அச்சடித்த படங்களை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்தப் படங்களைக் கொண்டு கட்டியைத் துல்லியமாக அளக்க முடியாது, சி.டி.யாகவோ பென்டிரைவிலோ முழுப் பதிவையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.